பிரிக்காத முக்கோணம்

சிகந்தராபாத் ஸ்டேஷனில் இறங்கினதும் என் கண்ணில் முதலில் பட்டது கழுத்துகள்தான். பையன், பொண்ணு என்ற வித்தியாசமே இல்லை, விடிந்தும் விடியாததுமாகக் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் சங்ககிரியில் அந்த நேரத்துக்கு ஓடுவது பால்காரரும் லாரிக்காரர்களும் மட்டும்தான். ஊர் ஊராகப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்கென்று ஹைதராபாத்துக்குக் கிளம்பிய வருஷங்கள் அவை. நான் வந்தது கம்ப்யூட்டருக்கும் இல்லை, சார்மினார் பார்க்கவும் இல்லை. ஒரு கல்லுக்காக வந்தேன்.

எங்களுக்கு நாலு கேஸ் டேங்கர் லாரி. அதில் இரண்டு என் பேரில் இருக்கிறது. "உன்ற பேர்ல எழுதுனா ராசி" என்றார் என் வீட்டுக்காரர். ராசியோ வரியோ, பேர் என்னுடையது, பேச்சு அவருடையது. ஆபீஸ் வேலை மட்டும் முழுசாக என் தலையில். பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கு டிரைவர்கள் வாங்க வேண்டிய பயிற்சிச் சான்று என்று எதில் ஒரு தேதி தாண்டினாலும் கேஸ் பிளான்ட் கேட்டிலேயே வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். எனக்குக் கனவில்கூட சாமி வராது, தேதிதான் வரும்.

நடந்தது இதுதான். என் பேரில் உள்ள ஒரு வண்டியை முருகேசன் ஓட்டிக்கொண்டு லோடோடு ஹைதராபாத் வந்திருக்கிறான். விடிகாலையில் போலாரம் பக்கத்தில் டயர் வெடித்து வண்டி நின்றுவிட்டது. எல்லா லாரி டிரைவரும் என்ன செய்வார்களோ அதையே அவனும் செய்தான். ரோட்டோரக் கல்லைப் பொறுக்கி வண்டிக்குப் பின்னால் வரிசையாக வைத்தான், பச்சைக் குழை ஒடித்துப் போட்டான், டயரை மாற்றினான். பிறகு குழையை இழுத்துப் போட்டு, கல்லையெல்லாம் தள்ளிவிட்டுக் கிளம்பினான். ஒரே ஒரு கல் ரோட்டிலேயே நின்றுவிட்டது. வேலைக்குப் போக ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் அதில் ஏற்றி விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. முன்பல் உடைந்தது.

கேஸ் கம்பெனி விசாரணை வைத்துவிட்டது. அவர்கள் விதியில் சுற்றிவளைப்பு கிடையாது. தப்பு டிரைவருடையது என்றால் அவன் பேர் தடைப் பட்டியலில் ஏறும். அப்புறம் நாட்டில் எந்த கேஸ் பிளான்ட்டிலும் அவனுக்குக் கேட் திறக்காது. தப்பு வண்டி முதலாளியுடையது என்றால் எங்கள் நாலு வண்டியும் நிற்கும். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டதால், நான் ரயிலேறினேன்.

ஏறும்போது வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நாம எல்லாம் வாங்கிக் குடுத்திருக்கறோம். செவப்பு முக்கோணம், டார்ச்சு, ஒண்ணு பாக்கியில்ல. எடுத்து வெக்காதது அவன் தப்பு. அத மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத."

"முருகேசன் பொழப்புங்க?"

"மணல் லாரி ஓட்டிக்குவான். நம்ம நாலு வண்டி நின்னா நம்ம பொழப்ப யாரு ஓட்டறது?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஜோடி ஜோடியாக முக்கோணம் வாங்கிக் கொடுத்தது நான்தான். கால் இரண்டையும் விரித்து ரோட்டில் நிறுத்தினால், பின்னால் வரும் வண்டி வெளிச்சம் பட்டு எங்கிருந்தோ பளபளக்கும். அதை வைத்திருந்தால் அந்தப் பெண் விழுந்திருப்பாளா? ரயில் முழுக்க முருகேசனை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டேன். இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி, அதன் மேல் காரப்பொடி, அதன் மேல் நெய். நல்லாத்தான் இருந்தது, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீ கேட்டால் பால்கோவாவைக் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு இரானி டீ. சங்ககிரி டீ எழுப்பிவிடும், இது தாலாட்டுகிறது. தூங்க நேரமில்லாததால் பாதியில் வைத்துவிட்டு உப்பலுக்கு பஸ் ஏறினேன்.

உப்பலையும் தாண்டி, தொழிற்சாலைச் சுவர்களையெல்லாம் கடந்து, பிளான்ட்டுக்கு வெளியே ஒரு பொட்டல். அதில்தான் லாரிகளை நிறுத்துவார்கள். எங்கள் வண்டியின் நிழலில் முருகேசன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். இரண்டாம் டிரைவர் ராசு பொட்டலத்தில் தக்காளிச் சோறு வாங்கி வைத்திருந்தான், பிரிக்காமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் முருகேசன் எழுந்து தலைத்துண்டை எடுத்தான். பத்து வருஷமாக எங்களிடம் ஓட்டுகிறவன், நரைத்துப்போய் நின்றான்.

"முக்கோணம் எங்கடா?" என்றேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அவன் கேபினில் ஏறி, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, வேட்டித் துணியில் சுற்றின ஒன்றை எடுத்து வந்தான். துணியை விலக்கினால் உள்ளே பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஜோடி முக்கோணம். கடைக்காரன் ஒட்டின விலைச் சீட்டு அப்படியே இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி.

"ஏண்டா பிரிக்கல?"

"பிரிச்சா அழுக்காயிருங்க்கா. செக்கிங்ல புதுசா இருக்கோணுமில்லீங்களா."

"அடப்பாவி! செக்கிங்குக்கா வாங்கினேன்?"

அவன் துணியை மடித்துக்கொண்டிருந்தான். ராசுதான் மெதுவாகச் சொன்னான். "ரோட்ல வெச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவானுங்க்கா. தொலைஞ்சா அண்ணன் சம்பளத்துல பிடிப்பாரு. போன தீவாளிக்குப் பழனிச்சாமிக்குப் பிடிச்சாருங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேப்பர் வேலை என்னுடையது, சம்பளம் கொடுப்பது வீட்டுக்காரர் கை. எங்கள் இன்னொரு டிரைவர் பழனிச்சாமி தீபாவளிக்கு முகத்தைத் தூக்கிவைத்திருந்தது ஞாபகம் வந்தது. போனஸ் போதவில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சந்தேகம் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். தீயணைப்பான் சிலிண்டரை யாரும் கழற்றிக்கொண்டு போகாதபடி கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் குறடு தேடிக் கண்டுபிடித்துத்தான் கழற்ற வேண்டும். முதலுதவிப் பெட்டியில் ஒரு பூட்டு.

"சாவி எங்க?"

"ஆபீஸ்லீங்க்கா. நாலு வண்டிக்கும் ஒரே சாவி. உங்க டிராயர்ல."

வளையத்தில் மாட்டின ஒரு குட்டிச் சாவி என் டிராயரில் பல நாளாகக் கிடக்கிறது. ஏதோ பழைய சூட்கேஸுடையது என்று விட்டுவைத்திருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அப்படியே டயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

முருகேசனும் தள்ளி உட்கார்ந்தான். "முக்கோணத்த வெச்சிருந்தா மறக்காம எடுத்திருப்பனுங்க்கா. காசு குடுத்து வாங்கினதாச்சே. கல்லுதானேன்னு காலால தள்ளிப்போட்டு வந்துட்டேன். கொஞ்சம் வந்ததும் மனசு கேக்கல. நடுவால வெச்ச கல்லத் தள்ளினமா இல்லியான்னு ஒரே ரோசனை. ராசுகிட்ட வண்டிய விட்டுப்போட்டு ஓடினனுங்க. போய்ப் பாத்தா அந்தப்புள்ள வாயப் பொத்திக்கிட்டு ரோட்ல உக்காந்திருக்குது."

அவன்தான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். பேர், ஊர், வண்டி நம்பர் எல்லாவற்றையும் அவனே சொன்னவன். திரும்பிப் போகாமல் இருந்திருந்தால், அது எந்த லாரிக்காரன் விட்ட கல் என்று யாருக்குத் தெரியப்போகிறது? அதை அவனும் நினைத்திருப்பான். என்னிடம் சொல்லிக்காட்டவில்லை.

"மணல் லாரி வேண்டாங்க்கா," என்றான். "இங்க விதி இருக்குது. ராத்திரி ஓட்டாதேங்கறாங்க, நிறுத்திப்போட்டு நான் தூங்கறேன். அங்க எவன் தூங்க உடுவான்? என்ற மச்சான் தூக்கத்துலயே பாலத்துல உட்டவன்."

சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பழனிச்சாமி விஷயம் கேட்டேன். "ஆமா, பிடிச்சேன். பொறுப்பு வர வேண்டாமா?" என்றார். முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு எதற்கு என்றேன். "பஞ்ச எடுத்துக் கண்ணாடி தொடைக்கறானுங்க. நீ போன வேலையப் பாரு."

மறுநாள் போலாரம். ஷேர் ஆட்டோவில் என்னையும் சேர்த்து எத்தனை பேர் என்று எண்ண முடியாத அளவுக்கு ஆள். பழைய பங்களாக்களும் பெரிய மரங்களுமாக ராணுவக்காரர்கள் இருக்கும் பகுதி, தெரு பெருக்கின மாதிரியே இருக்கிறது. வேலிக்குள் ராணுவ லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் சிவப்பு வெள்ளை அடித்த மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள், கட்டையைச் சங்கிலியில் வண்டியோடு கட்டி. எங்கள் ஆட்கள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதும் கல்தான்.

அந்தப் பெண்ணின் வீட்டில் தமிழ் பேசினார்கள். ஆரணிப் பக்கத்துக் குடும்பம், இங்கே வந்து தலைமுறை ஒன்றாகிவிட்டது. அப்பா சம்பத் மத்திய அரசு ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அம்மா லலிதா. பெண் வித்யா கொண்டாப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரிச் செலவு எங்களுடையது என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். ஆனாலும் வாசற்படியில் செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

"வாங்கம்மா" என்றார் சம்பத். "நான் கோவமா பேசறேன்னு நெனச்சுக்காதீங்க. கோவமாத்தான் பேசறேன். உங்க ஆளுங்களுக்கு ரோடுன்னா உங்க வூட்டு வாசலா?"

என்ன சொல்ல? உட்கார்ந்தேன். லலிதா பச்சைப்பயறு பெசரட்டும் கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையலும் கொண்டுவந்து வைத்தார். சண்டைக்காரி வீட்டுக்கு வந்தாலும் தட்டு வைக்காமல் இருக்க முடியாது நம்மவர்களால். விண்டு வாயில் வைத்தேன். புளிப்பும் காரமுமாக அருமையான துவையல்.

வித்யா தோளில் கட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆன்ட்டி, அவ்ளோ பெரிய லாரி நிக்கிதே, அதுக்குப் பின்னாடி கல் கைக்கு வெக்கணும்?"

"ஏன் வெக்கணும்னு கேக்கறா" என்றார் லலிதா.

புரிந்தது. வீட்டுக்காரர் சொன்ன ஒற்றை வரியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "முக்கோணம் வண்டியிலயே இருந்துச்சு கண்ணு. உறையப் பிரிக்கவே இல்ல. தொலைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்கன்னு பயந்துக்கிட்டு, கல்ல வெச்சுட்டான்."

சம்பத் ஏதோ கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்க ஸ்டோர்ல தீ வாளி இருக்குது" என்றார் கடைசியில். "செவப்பு பெயின்ட் அடிச்சு, மணல் ரொப்பி, கம்பத்துல மாட்டணும். வெளிய வெச்சா வாளி காணாமப் பூடுது, கணக்கு நான் சொல்லணும். உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். ஆடிட்டு வந்தா எடுத்து மாட்டுவோம், போனா கழட்டிடுவோம்."

"அத ஏன் இப்ப சொல்றீங்க?" என்றார் லலிதா.

"தோணுச்சு, சொன்னேன்."

லலிதா தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வித்யாதான் பேசினாள். "ஹாஸ்பிடல்ல அந்த அங்கிள் கல்லு, கல்லுன்னே சொல்லிட்டிருந்தாரு. பைத்தியம்னு நெனச்சேன். அவர ஜெயில்ல போட நக்கோப்பா, வேணாம். பட் நாளைக்கு வேற யாராவது விழுந்தா?"

கிளம்பும்போது சம்பத் கேட் வரைக்கும் வந்தார். "போலீசுக்கு நான் இன்னும் எழுதிக் குடுக்கல. நாளைக்கு விசாரணைல நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை.

விசாரணை நாள் காலையில் பண்ணக்கூடாத கூத்தெல்லாம் பண்ணினேன். ராத்திரி சரியான தூக்கமில்லை. சிகந்தராபாத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது அட்டைக் கழுத்துக்காரர்கள் கூட்டமாக ஒரு பஸ்ஸில் ஏற, என்னையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். நானும் யோசனையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உப்பலுக்குக் கிழக்கே போக வேண்டிய பஸ், கண்ணாடிக் கட்டடங்களாக வரும் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. கண்டக்டரைக் கேட்டால் கொண்டாப்பூர் வந்துவிட்டது, இறங்குங்கள் என்கிறார். ஊரின் ஒரு கோடியில் இருக்க வேண்டியவள் மறுகோடியில் நிற்கிறேன். சுற்றிலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கையில் காபிக் கோப்பையோடு போகிறார்கள். நான் மணியைப் பார்த்துப் பார்த்து நிற்கிறேன்.

ஒரு ஆட்டோக்காரரிடம் கும்பிடாத குறையாகக் கேட்டேன். "உப்பலா? இன்னொரு ஊருக்கே போயிடலாமேம்மா" என்று உருதும் தெலுங்குமாகச் சொல்லிச் சிரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மேம்பாலத்துக்குத் தோண்டிப்போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கல்தான் வைத்திருந்தது. அதுவரைக்கும் என் கண்ணில் படாத கற்கள், அன்றைக்கு ஒன்றுவிடாமல் பட்டன. நடுவில் போன் அடித்தது.

"முருகேசன்கிட்டயும் பேசிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். "அவனும் தன் தப்புன்னே சொல்லுவான். நீ ஆமான்னு தலைய ஆட்டு, போதும்."

"அவன் ஒத்துக்கிட்டானுங்களா?"

"ஒத்துக்காம? நம்ம உப்பத் தின்னவன்."

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

விசாரணை அறையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி ராவ் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர். ராவ் கொஞ்ச வருஷம் சென்னையில் வேலை பார்த்தவராம், தமிழிலேயே பேசினார். முருகேசன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மேஜை மேல் அந்த முக்கோணப் பொட்டலம், பிளாஸ்டிக் உறையோடு.

"இது வண்டியில் இருந்ததா?"

"இருந்ததுங்க சார்" என்றான் முருகேசன்.

"எப்படி வைப்பதென்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களா?"

"குடுத்தாங்க சார். மறந்துட்டனுங்க. என் தப்புதாங்க." மனப்பாடம் பண்ணின பையன் மாதிரி சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தான்.

ராவ் என் பக்கம் திரும்பினார். "டிரைவர் ஒப்புக்கொள்கிறார். முதலாளி என்ன சொல்கிறீர்கள்?"

தலையை ஆட்டினால் முடிந்தது. நாலு வண்டியும் ஓடும். முருகேசன் எங்கேயாவது மணல் அள்ளிக்கொண்டு, தூங்காமல் ஓட்டிக்கொண்டு கிடப்பான். ராவ் பேனா மூடியைத் திறந்தார். எனக்கு வித்யா வாயை மறைத்துக்கொண்டு பேசினது கண்ணுக்குள் வந்து நின்றது.

"எழுதாதீங்க சார்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவன் பொய் சொல்றான். எடுத்து வெச்சுத் தொலைஞ்சா சம்பளத்துல பிடிப்போம்னு நாங்கதான் பயமுறுத்தி வெச்சிருக்கோம். போன வருஷம் ஒருத்தனுக்குப் பிடிச்சும் இருக்கோம். அப்பறம் அவன் எப்படி சார் எடுத்து வெப்பான்?"

முருகேசன், "அக்கா, வேண்டாங்க்கா" என்றான்.

"நீ சும்மா இரு."

ராவ் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "முதலுதவிப் பெட்டி பூட்டியிருக்கிறதே, சாவி?"

"சங்ககிரியில சார். என்ற டிராயர்ல."

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். ராவ் சிரிக்கவில்லை. "உண்மை சொன்னதற்காகச் சலுகை கிடையாதும்மா" என்றார். நாலு வண்டியும் நிற்க வேண்டும். எல்லா டிரைவருக்கும் மறுபடி பயிற்சி, வண்டிகளுக்கு மறுபடி சோதனை, எல்லாம் சரியாக இருந்தால்தான் லோடு. குறைந்தது ஒரு மாசம் ஆகும். முருகேசனுக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். பட்டியலில் அவன் பேர் ஏறவில்லை.

வெளியே வந்து வீட்டுக்காரருக்குச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "கெடுத்துட்டியே புள்ள" என்று ஒன்று சொன்னார், போனை வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை தடவை போட்டும் எடுக்கவில்லை. சம்பத்துக்குப் போட்டேன். அவர் கேட்டுவிட்டு, "சரிம்மா, நான் எழுதிக் குடுக்கல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த வாளியும் வெளிய எடுத்து மாட்டிட்டேன்" என்றார்.

உப்பலில் ஒரு கடையில் முருகேசனுக்கும் ராசுவுக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். முருகேசன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் மூன்று நாள் பட்டினி தெரிந்தது. நான் மோர் மட்டும் குடித்தேன். கடைசி வாயை வைத்திருந்தபடியே கேட்டான். "அண்ணன் இனி என்னைய வெச்சுக்குவாருங்களா?"

எனக்கே தெரியாதே, நான் என்ன சொல்ல? பட்டியலிலிருந்து காப்பாற்றிவிட்டேன், வீட்டுக்காரர் கோபத்திலிருந்து யார் காப்பாற்றுவது?

மறுநாள் ரயில் டிக்கெட்டை விட்டுவிட்டு வண்டியிலேயே கிளம்பினேன். டேங்கரில் வெளியாள் ஏறக்கூடாது என்பது விதி. வண்டிப் பதிவில் இருக்கும் பேர் என்னுடையது, டேங்கும் காலி என்பதால் ராவ் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்தார். ராசு பின்சீட்டில் படுத்தான். ஊரைத் தாண்டினதும் இரண்டு பக்கமும் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று நிற்கிற பாறைகள். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். நான் கல்லைப் பார்க்கிற மனநிலையில் இல்லை.

நல்ல வெயிலில் போய்க்கொண்டிருக்கும்போது முருகேசன் வேகத்தைக் குறைத்தான். எதிரில், ரோட்டின் மேலேயே, வரிசையாகக் கற்கள். பக்கத்தில் வாடின குழை. எந்த லாரிக்காரனோ டயர் மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். எங்களைத் தாண்டிப்போன பைக் ஒன்று கடைசி நொடியில் வளைந்து தப்பித்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவன் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டான். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தான். ஒரு முக்கோணத்தை வாங்கிக்கொண்டு நான் நடந்தேன். வண்டிக்கு நன்றாகப் பின்னால் போய்க் காலை விரித்து நிறுத்தினேன். வருகிற வண்டியெல்லாம் அதைப் பார்த்து ஒதுங்கினது. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும், லுங்கியை மடித்துக்கொண்டு அவர்களும் கல்லையெல்லாம் தூக்கிப் பள்ளத்தில் போட்டோம். ஒவ்வொன்றும் என்ன கனம்! கை கன்றிப்போனது. முடிந்ததும் முருகேசன் ரோட்டை மறுபடி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்துதான் ஏறினான்.

வெகு தூரம் வந்த பிறகு, "அக்கா" என்றான்.

"என்ன?"

"முக்கோணத்த எடுத்தீங்களா?"

நீ எடுத்திருப்பாய் என்று நான் நினைத்தேன், நான் எடுத்திருப்பேன் என்று அவன். திரும்புகிற இடம் வந்ததும் திருப்பச் சொன்னேன். போய்ப் பார்த்தால் ரோடு சுத்தமாக இருந்தது. கல்லும் இல்லை, முக்கோணமும் இல்லை. ஒரு ஆடு மட்டும் வாடின குழையைத் தின்றுகொண்டிருந்தது.

"சொன்னமில்லீங்க்கா, தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு" என்றான் ராசு.

சிரிக்கத்தான் செய்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரே கூப்பிட்டார். முருகேசன் முகம் வெளிறிப்போனது. இறங்கி, மிச்சமிருந்த முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தான்.

"எங்க வந்திருக்கறீங்க?" குரல் கட்டையாக இருந்தது.

"பாதி வழிகூட வரல. ஒண்ணு சொல்லோணும். முக்கோணம் ஒண்ணு தொலைஞ்சு போச்சு."

யோசிக்கவே இல்லை மனுஷன். "யாரு தொலைச்சது?"

முருகேசன் வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டினேன்.

"நாந்தான். என்ற சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"உனக்கு ஏது சம்பளம்?"

கேட்டுவிட்டார். பிறகு அந்தப் பக்கம் ஆபீஸ் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. இருபது வருஷமாக அந்த ஃபேனுக்குக் கீழேதான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரொம்ப நேரம் கழித்து, "முருகேசன்கிட்டக் குடு" என்றார்.

கொடுத்தேன். அவன் சீட்டிலிருந்து பாதி எழுந்துகொண்டு கேட்டான். "சரிங்கண்ணா. சரிங்கண்ணா." அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தான்.

"நாளான்னைக்கு என்னைய வந்து எல்லா வண்டிப் பெட்டியும் தொறந்து வெக்கச் சொல்றாருங்க்கா. உங்க டிராயர்ல சாவி எந்தப் பக்கம் இருக்குதுன்னு கேக்கறாரு."

"வலது பக்கம், உள்ளாற" என்றேன்.

அவன் அதை அப்படியே போனில் சொன்னான். பிறகு இறங்கிப் பின்னால் போனான். கண்ணாடியில் பார்த்தேன். முக்கோணத்தை மடக்கி, தலைத்துண்டால் தூசி தட்டி, கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.